பூஜையில் இருந்த கியர் பாக்ஸ்

சரஸ்வதி பூஜை அன்று சங்கரன்கோவிலில் தறி ஓடாது. வருஷம் முழுக்கக் காதில் விழுந்துகொண்டே இருக்கும் சத்தம் அன்று ஒரு நாள் நின்றுபோகும். நின்ற பிறகுதான் அப்படி ஒரு சத்தம் இருந்ததே தெரியும். கல்யாணமாகி வந்த புதிதில் அந்த அமைதி எனக்குப் பிடிபடவில்லை. தெருவே தண்ணீருக்குள் கிடப்பதுபோல இருக்கும். பக்கத்து வீட்டுக் கூரையில் காக்கா கத்தினால்கூட எங்கோ தூரத்தில் கத்துவதாகத் தோன்றும்.

ஐம்பதுகளில் வந்த அப்படி ஒரு பூஜை நாளைத்தான் சொல்கிறேன். என் வீட்டுக்காரருக்கு நூல் கடையில் வேலை. சுற்றுப்பட்ட ஊர்களுக்கு நூல் கொண்டுபோக ஒரு சைக்கிள் வைத்திருந்தார். பெடல் இருக்கும் இடத்தில் சின்னதாக நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் மாட்டிய சைக்கிள். அதற்கு ரெண்டே கியர். அந்த மனிதர் என்னை நிமிர்ந்து பார்த்ததைவிட அந்த இன்ஜினைக் குனிந்து பார்த்ததுதான் அதிகம். பூஜைக்கு முதல் நாள், இரண்டாவது கியர் நிற்காமல் நழுவுகிறது என்று கியர் பாக்ஸைக் கழற்றினார். உள்ளே பல்சக்கரத்தைத் தள்ளுகிற கவட்டை வளைந்திருந்தது. அதைத் தட்டி நேராக்குவதற்குள் பொழுது அடைந்துவிட்டது. விடிந்தால் பூஜை. பல்சக்கரம், கவட்டை, வாஷர், ஸ்பேனர் எல்லாவற்றையும் அப்படியே வாழையிலையில் பரப்பி, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். பக்கத்தில் என் அரிவாள்மணையும் கரண்டியும் பொட்டு வைத்துக்கொண்டு கிடந்தன. மறுநாள் மறுபூஜை போடும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது. இதிலெல்லாம் அவர் ரொம்பக் கறார்.

மத்தியானம் சிவகிரிக்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். எங்கள் அம்மா வீட்டுத் தெருக்காரர்.

"ஏட்டி, ஒங்க அக்கா இன்னைக்கே கொழும்புக்குப் பொறப்படுதாளே! பொழுதடையக் காரு வருது. ஒங்க அம்மை ஒன்கிட்டச் சொல்லச் சொன்னா."

அடுத்த வாரம் என்றல்லவா சொல்லியிருந்தார்கள்! பாவி மனிதர், காலை பஸ்ஸில் வந்தவர், ஊரெல்லாம் போய்ப் பொரிகடலை தின்றுவிட்டு, எல்லா பஸ்ஸும் வாழைக்கன்று கட்டி நின்ற பிறகு வந்து சாவகாசமாகச் சொல்கிறார். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு மோர் கொடுத்தனுப்பினேன்.

என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அக்கா. அத்தானுக்குக் கொழும்பில் கடை. பாஸ்போர்ட், விசா என்று ஆயிரம் சள்ளை பிடித்த காலம். போனால் எப்போது வருவாள் என்று யாராலும் சொல்ல முடியாது. வண்டிமாடுகூட அன்று கழுத்தில் மாலை போட்டுக்கொண்டு சும்மா நிற்கிறது. எங்கள் சைக்கிளை மிதித்துக்கொண்டாவது போகலாமென்றால், கியர் பாக்ஸ் இல்லாமல் அதில் பெடலும் கிடையாது.

"மாட்டுங்க. நாம போவோம்" என்றேன்.

"சாமி முன்னால வச்சதை எடுக்கக் கூடாதுட்டி."

"நீங்க எடுக்கக் கூடாது. அது ஒங்க ஆயுதம். என் ஆயுதம் அரிவாள்மணை. நான் அதைத் தொட்டாத்தானே தப்பு? ஸ்பேனரைத் தொட எனக்கு என்ன?"

அவர் சிரித்துவிட்டார். "ஒன்னை வக்கீலுக்குப் படிக்க வச்சிருக்கணும் ஒங்க அப்பா."

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் மண்ணெண்ணெய்த் துணியால் ஒவ்வொரு பல்சக்கரமாகக் குங்குமத்தைத் துடைத்தேன். கூரையின் கண்ணாடி ஓடு வழியாக வெயில் இறங்கி எங்கள் நடுவில் விழுந்தது. சந்தன வாசமும் ஆயில் வாசமும் கலந்து தலை லேசாகக் கிறங்கியது. "பெரிசை மொதல்ல. இப்ப கவட்டை. அமுக்காத, அதுவா போய் உக்காரும்." இவ்வளவு மெதுவாக அவர் என்னிடம் பேசி நான் கேட்டதில்லை. ஒரு தடவை பழக்கத்தில் அவர் கை முன்னால் வர, சட்டென்று ஓர் அடி போட்டேன். அவசரமெல்லாம் எங்கோ போய், அந்த வெயிலுக்குள்ளேயே இருந்துவிடலாம் போலிருந்தது. இன்றைக்கும் அந்த மத்தியானம் நடந்ததா, தூக்கத்தில் கண்டதா என்று எனக்குச் சந்தேகம் வரும்.

மூடியை முடுக்கி, வண்டியில் மாட்டி, பெடலைச் சுற்றினால் சுற்றவில்லை. கல்லாக நின்றது.

"வாஷர் போட்டியா?"

"எந்த வாஷர்?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். மெல்லிசான வாஷர் ஒன்று சந்தனத்தில் ஒட்டிக்கொண்டு, பூவுக்கு அடியில் இலையோடு இலையாகக் கிடந்தது. மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். வெயில் கண்ணாடி ஓட்டை விட்டே போய்விட்டது. இனி என் கைக்கு இது ஆகிற காரியமா? வாஷரைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா போயிருவா" என்று வாய்விட்டு அழுதேன்.

அவர் எழுந்து வந்து தரையில் கிடந்த ஸ்பேனரை எடுத்தார்.

"ஐயோ, நீங்க தொடக் கூடாது."

"தள்ளிக்க. சாமிகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

அந்தக் கை வேலை செய்ததைப் பார்க்க வேண்டுமே! கண்ணை மூடித் திறப்பதற்குள் கழற்றிய மாதிரி இருந்தது. மாட்டி முடித்ததும் சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். வண்டிக்குப் பூஜை போட்டால் பழத்தின் மேல் ஏற்றி ஒரு சுற்று வருவது வழக்கம். "நாம கொஞ்சம் பெரிய சுத்தா வருவோம்" என்றார்.

கரிவலம்வந்தநல்லூர் தாண்டி ராயகிரி ரோட்டில் எங்களைத் தவிர ஒரு வண்டி இல்லை. கேரியரில் உட்கார்ந்து அவர் சட்டையைப் பிடித்திருந்தேன். இரண்டாவது கியர் நழுவாமல் நின்றது. எதிரே மலை முழுக்க மேகம். மலை எங்களைப் பார்த்து நடந்து வருவதாகத் தோன்றியது. கண்ணைச் சொருகியது எனக்கு. ஏற்றம் வந்தபோது அவர் பெடலை மிதித்து மூச்சு வாங்கியதில் விழித்துக்கொண்டேன்.

சிவகிரியில் கார் தெருமுனைக்கே வந்திருந்தது. அக்கா உள்ளே உட்கார்ந்திருந்தாள். ஓடிப்போய் ஜன்னலைப் பிடித்தேன். அவள் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் கறுப்பு ஆயில்.

"என்னட்டி இது கை? சாப்பிட்டியா?"

"இல்லக்கா."

"நல்லாத் தேச்சுக் கழுவிட்டுச் சாப்பிடு, என்ன?"

கார் நகரும்வரை என் கையை அவள் விடவில்லை. அதன்பிறகு அவளை நான் பார்க்கவே இல்லை. கொழும்பிலேயே காலமாகிவிட்டாள்.

அன்று அம்மா இலை போட்டுச் சோறு வைத்தாள். என் வீட்டுக்காரர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் நின்றார். அக்கா பிடித்திருந்த கையைக் கழுவ எனக்கு மனசே வரவில்லை.