அகப்பை பிடித்த பேய்

புஷ்பாக்கா இறந்துவிட்டார்.

காலையில் அவர் தம்பி போன் செய்தார். நெஞ்சுவலியாம்... ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

பகாவ் டவுனில் ஒரு பேனர் கடையில் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். ஆர்டர் இல்லாத நேரமெல்லாம் அக்கா கித்தா என்கிற ரப்பர் மரப்பலகையைச் செதுக்கிக்கொண்டிருப்பார். மை தடவி, பேப்பரை மேலே வைத்து, கரண்டியின் முதுகால் தேய்த்துத் தேய்த்துப் படம் எடுப்பார்.

எல்லாமே சோழர் காலத்துப் போர்ப்பாட்டு ஒன்றுக்கான படங்கள். அதில் சண்டை முடிந்த களத்தில் பசித்த பேய்கள் கூடிக் கூழ் காய்ச்சும். அக்கா அந்தப் பேய்களுக்குத் தான் பிறந்த எஸ்டேட்டுப் பெண்களின் முகங்களை வைத்தார்.

"பசிச்ச மூஞ்சின்னா எனக்கு இவங்களத்தான் தெரியும்" என்றார்.

ஊர் பார்க்கட்டும் என்று, அந்த எஸ்டேட் கோயில் மண்டபத்திலேயே கயிறு கட்டிப் படங்களைத் தொங்கவிட்டோம்.

அதே எஸ்டேட்டில் இருக்கும் முனியாண்டி அண்ணன், செம்பனைக் காட்டு வேலையிலிருந்து நேராக வந்தார். கையில் பாராங் கத்தி.

ஒரு படத்தின் முன்னால் நின்றார். அகப்பை பிடித்த பேய். இறந்துபோன அவர் மனைவி கனகத்தின் முகம்.

"யாரு செஞ்சது இத?"

"நாந்தாண்ணே" என்றார் அக்கா.

"என் பொண்டாட்டிய பேயாக்கி மாட்டி வச்சிருக்கியா? ஊரு சிரிக்கணுமா லா?"

கோயில் தலைவர் ஓடி வந்தார். "எறக்கிடும்மா, பிரச்சன வேணாம்."

அக்கா நகரவில்லை.

"அண்ணே, எங்கம்மா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப கனகாக்காதான் எனக்குக் கஞ்சி ஊத்துனாங்க. அவங்களுக்கு மிச்சம் இல்ல, நான் பாத்தேன். இங்க எல்லாப் பேயும் வாங்கித் திங்குது. அவங்க மட்டுந்தான் ஊத்துறாங்க. நான் எறக்க மாட்டேன். நீங்க வேணா எறக்குங்க."

அண்ணன் கத்தியை ஓங்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கயிறுதான் அறுந்தது. படத்தைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் மோட்டார் சைக்கிளில் போய்விட்டார். எரித்திருப்பார் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

அக்கா பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மோட்டார் சத்தம் கேட்டாலே வாசலைப் பார்ப்பார்.

ஒரு மத்தியானம் அண்ணன் நிஜமாகவே கடைக்கு வந்தார். அக்கா எழுந்து நின்றுவிட்டார்.

"கிள்ளான்ல இருக்கற மக வந்தா... படத்த எடுத்துக்கிட்டுப் போய்ட்டா. வீட்டுக்கு இன்னொன்னு வேணும்."

அக்கா பலகையை எடுத்தார். மை தடவினார். பேப்பரை வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

அண்ணன் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "மூஞ்சிகிட்ட மெதுவாம்மா..." என்றார்.

இன்று மதியம் கோலா பிலாவில் அக்காவை எடுக்கிறார்கள். பெடாஸ் தாண்டிப் பேய் மழை, எதிரே ரோடு தெரியவில்லை, வண்டியை ஓரம் கட்டியிருக்கிறேன்.

வந்துடுவேன்க்கா... கொஞ்சம் இருங்க.