மலேரியா மாத்திரையும் மாட்டு மருந்தும்

மருந்துக்கடை வேலை என்பது கேட்டதை எடுத்துக் கொடுப்பதில் பாதி, கேட்டதைக் கொடுக்காமல் திட்டு வாங்குவதில் பாதி. கொரோனா வந்த பிறகு முழுநேரமும் திட்டு வாங்குவதே வேலையாகிவிட்டது. நான் திண்டிவனத்தில் ஒரு மெடிக்கலில் பார்மசிஸ்ட். எங்கள் முதலாளிக்கு விழுப்புரத்திலும் ஒரு கடை உண்டு. அங்கே ஆள் வராத நாட்களில் நான்தான் போய் நிற்பேன். அந்த வைரஸுக்கென்று தனியாக ஒரு மருந்தும் அப்போது கிடையாது. வேறு நோய்களுக்கு இருந்த பழைய மருந்துகளை எடுத்து, இது கேட்குமா அது கேட்குமா என்று டாக்டர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்த்து முடிப்பதற்குள் ஜனங்கள் எங்கள் கவுண்டருக்கு வந்துவிட்டார்கள். முகக்கவசத்துக்குள் வியர்த்துக்கொண்டு நின்ற உங்களுக்கெல்லாம் இது புதிதாக இருக்காது. உங்களோடு சேர்ந்து கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன்.

மலேரியா மாத்திரை

ஓமந்தூரிலிருந்து செல்வி என்ற பெண் மாதாமாதம் வருவாள். உடம்பே தன்னைத் தாக்கிக்கொள்கிற ஒரு நோய் அவளுக்கு. மூட்டெல்லாம் வீங்கும், கன்னம் சிவந்து தடிக்கும். மலேரியாவுக்கென்று வந்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரைதான் அவளை நடமாட வைத்துக்கொண்டிருந்தது. அது கொரோனாவுக்கும் கேட்கும் என்று டிவியில் யாரோ சொன்னதுதான் தாமதம், மறுநாள் கடை திறப்பதற்கு முன்பே வாசலில் கூட்டம். டாக்டர் சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்றேன். எங்கிருந்தோ சீட்டும் கொண்டுவந்தார்கள். மத்தியானத்துக்குள் திண்டிவனத்தில் எந்தக் கடையிலும் அந்த மாத்திரை இல்லை.

செல்வி வந்தபோது என்னிடம் ஒரு அட்டைகூட இல்லை. மொத்த வியாபாரிக்குப் போன் போட்டேன். விழுப்புரத்தில் தெரிந்த கடைகளையெல்லாம் கேட்டேன். இப்போது போய் அதைக் கேட்கிறாயே என்று சிரித்தார்கள். மாத்திரை இல்லாத வாரங்களில் அவளுடைய விரல்கள் மடக்க முடியாமல் வீங்கிப்போயின. தலை வாரிவிடுவதும் புருஷன்தான் என்று ஆயிற்று. ஒருவழியாகச் சரக்கு வந்ததும் முதல் அட்டையை அவளுக்குத்தான் எடுத்து வைத்தேன். கைப்பையைத் திறக்க முடியாமல் பையையே என்னிடம் நீட்டினாள். நானே திறந்து காசை எடுத்துக்கொண்டேன். அவள் கோபமே இல்லாமல் சொன்னாள்: "நோவு வந்தவங்க வாங்கிக்கினு போயிருந்தா நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்க்கா. நோவு வந்துடுமோன்னு பயந்தவங்க வாங்கிக்கினு போய் பீரோல வெச்சிருக்காங்க."

பாதி அளவு

ஒருநாள் விழுப்புரம் கடையில் நின்றேன். கண்டமங்கலம் பக்கத்து விவசாயி ஒருவர் மூச்சிறைக்க ஓடிவந்தார். கையில் ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டில். "இதைக் குடிச்சவங்களுக்கு மாத்து மருந்து ஏதாவது இருக்குங்களா?" என்றார். வாங்கிப் பார்த்தேன். ஐவர்மெக்டின். மனிதர்களுக்குச் சொறிக்கும் புழுவுக்கும் கொடுப்பதுதான். ஆனால் இந்த பாட்டிலில் மாட்டின் படம் போட்டிருந்தது. காய்ச்சல் என்று படுத்த மாமனாருக்கு, இது கொரோனாவைக் கொல்லும் என்று செல்போனில் வந்த பேச்சைக் கேட்டு ஊற்றிவிட்டாராம்.

"அவர் எங்கே?" என்றேன். "வெளிய ஆட்டோலதாங்க." ஓடிப்போய்ப் பார்த்தேன். பெரியவர் தலை தொங்கிக் கிடந்தார். சட்டையெல்லாம் வாந்தி. மருமகன் கூப்பிட்டால் யாரென்றே தெரியாமல் விழித்தார். "என்கிட்ட நின்னு பேசாதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க, பாட்டிலை மறக்காம டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று ஆட்டோவைத் தட்டி அனுப்பினேன். பெரியவர் பிழைத்துக்கொண்டார். டெஸ்ட் எடுத்துப் பார்த்ததில் அவருக்குக் கொரோனாவே இல்லையாம். இதைச் சொல்வதற்காகவே மருமகன் பிறகு ஒருநாள் வந்தார். எவ்வளவு கொடுப்பது என்று யார் சொன்னார்கள் என்று அப்போதுதான் கேட்டேன். "மாட்டுக்கு எவ்ளோன்னு பாட்டில்லயே போட்டிருந்துச்சிங்க. எங்க மாமனாரு மாட்டைவிட எளச்சவராச்சேன்னு பாதிதான் ஊத்துனேன்."

அரிப்பு ஊசி

இரண்டாவது அலையில் எங்கள் முதலாளி கதிர்வேல் அண்ணனுக்கே வந்துவிட்டது. ஆக்ஸிஜன் இறங்கிக்கொண்டே போக, விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அண்ணி அழுதுகொண்டே போன் செய்தார்: "அந்தப் பெரிய ஊசி எங்கயாவது கெடைக்குமா மகேஸ்வரி?" எல்லாரும் தேடி அலைந்த விலை உயர்ந்த ஊசி அது. சென்னை, புதுச்சேரி என்று கேட்காத இடமில்லை. மருந்துக்கடை முதலாளிக்கே மருந்து கிடைக்கவில்லையே என்று நான் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் வார்டு டாக்டரே பேசினார். அலைய வேண்டாம், ஆக்ஸிஜனில் இருப்பவர்களின் உயிரைக் காப்பாற்றுவதாகத் தெரியவந்திருப்பது டெக்ஸாமெத்தசோன், அதை ஏற்கெனவே போட்டுக்கொண்டிருக்கிறோம் என்றார். நான் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். எங்கள் கடையில் கீழ்த்தட்டில் கிடக்கும் பழைய ஸ்டீராய்டு மருந்து அது. அரிப்பு, வீசிங், ஒவ்வாமை என்று வருகிறவர்களுக்கு டாக்டர்கள் எழுதுவது. ஒரு டீ காசுக்கு மேல் பெரிதாக ஆகாது. அண்ணன் தேறிவந்து, வார்டிலிருந்து வீடியோ காலில் பேசியபோது விஷயத்தைச் சொன்னேன். ஆக்ஸிஜன் மாஸ்க்கை இறக்கிவிட்டு என்னையே பார்த்தார். "எது, அந்த அரிப்பு ஊசியா? அதுலயா நான் பொழைச்சேன்? வெளிய சொல்லாதம்மா, மெடிக்கல் வெச்சிருக்கிறவன் மரியாதை போயிடும்."

அதே மருந்து

சொல்லாதே என்றவர், கடைக்குத் திரும்பியதும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். உயிர் பிழைத்த சந்தோஷம். அதை எதிர்ச்சாரியில் செருப்புக்கடை வைத்திருக்கும் நசீர் பாயும் கேட்டார். கோட்டக்குப்பத்துக்காரர், வளைகுடாவில் பல வருஷம் உழைத்துவிட்டு வந்து கடை போட்டவர். சர்க்கரைக்கு எங்களிடம்தான் மாத்திரை வாங்குவார். அவருக்கு லேசாகக் காய்ச்சல் வந்ததும் நேராக என்னிடம் வந்தார். "அண்ணன் போட்டுக்கினாரே, அந்த மருந்து மாத்திரையாவும் வருதாமே, ஜல்தியா குடும்மா." மூச்சுத் திணறி ஆக்ஸிஜனில் இருப்பவர்களுக்குத்தான் அது நல்லது செய்யும், ஆரம்பத்திலேயே போட்டால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறையும், சர்க்கரையும் எகிறும் என்றேன். "சரிம்மா" என்று தலையாட்டிவிட்டுப் போனார். போய் வேறு எங்கோ வாங்கிப் போட்டுக்கொண்டார்.

காய்ச்சல் விட்டது. சில வாரம் கழித்து ஒரு பக்கக் கன்னம் வீங்கி, கண் வலித்து, மூக்கிலிருந்து கறுப்பாக வர ஆரம்பித்தது. புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். கறுப்புப் பூஞ்சை. எதிர்ப்புச் சக்தி குறைந்து சர்க்கரையும் எகிறிய உடம்பில் பிடித்துக்கொள்வது. உயிர் வேண்டுமென்றால் கண்ணை எடுத்தாக வேண்டும் என்று சொல்லி எடுத்துவிட்டார்கள்.

தேறியபின் ஒருநாள் காலையில் கறுப்புக் கண்ணாடியோடு கடைக்கு வந்தார். கதிர்வேல் அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். நசீர் பாய் சத்தமே போடவில்லை. அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, உண்மையிலேயே பதில் தெரிய வேண்டும் என்பதுபோலக் கேட்டார்: "உங்களுக்கு உசிரைக் குடுத்த மருந்துதானே அண்ணே, எனக்கு மட்டும் ஏன் கண்ணைப் புடுங்கிக்கினு போச்சு?"

புது மருந்து என்றால் நாம் எல்லாரும் பயந்த நோயாளிகள், பழகிய மருந்து என்றால் எல்லாரும் டாக்டர்கள்.