பக்கத்து இடத்தில் ஒரு கைப்பை

போன வருடக் குளிர்காலத்தில், மெல்பேர்ணில் நடந்தது இது. நோபல் பார்க் பக்கம் வயதானவர்களை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பராமரிக்கும் வேலை எனக்கு. அவர்களில் ஒருவர் தொண்ணூறை நெருங்கிய வெள்ளைக்கார அம்மா. ஞாயிறுகளில் அவரைக் கைத்தாங்கலாகப் பிரெஸ்பிட்டேரியன் தேவாலயத்துக்குக் கூட்டிப்போவேன். நான் சைவக்காரி, பின்வரிசையில் பேசாமல் இருந்துவிட்டு வருவேன்.

ஸ்கொட்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள் கருங்கல்லால் கட்டிய தேவாலயம் அது. உள்ளே படமில்லை, சிலையில்லை. நூற்றுக்கணக்கானோர் இருக்கக்கூடிய இடத்துக்கு ஏழெட்டுப் பேர்தான் வருவார்கள். குடும்பத்துக்கொரு வாங்கு, அதாவது நீளப் பலகை இருக்கை, என்பது அங்கே பழைய வழக்கம். அந்த அம்மா தன் குடும்ப வாங்கின் ஓரத்தில் இருந்துகொண்டு, பக்கத்தில் கைப்பையை வைப்பார். முதல்நாள் நான் அதை எடுத்து மடியில் கொடுக்கப்போனேன். அது தன் தங்கையின் இடம் என்று முகத்தைச் சுளித்தார்.

அந்தத் தங்கை அங்கே கடைசியாக வந்து நாற்பது வருடத்துக்கு மேல். வேறு சபைகளோடு இணைந்து ஒரே சபையாவதா, தனியே நிற்பதா என்று அந்தக் காலத்தில் வாக்கெடுப்பு நடந்ததாம். இங்கே தனியே நிற்பது என்று முடிவாக, இணையவேண்டும் என்ற தங்கை கோபித்துக்கொண்டு போய்விட்டார். ஒன்றுசேர்வதற்கென்று வைத்த வாக்கெடுப்பு அக்கா தங்கையைப் பிரித்துவிட்டது. கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. எங்கள் கோயில் நிர்வாகச் சண்டையில் என் அண்ணா மறுபக்கம் போனவர், பிறகு என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. சாமி ஒன்றுதான், கமிட்டிதான் இரண்டு.

ஆளில்லாத தேவாலயத்தை விற்க முடிவானது. கடைசி ஆராதனைக்குப் பழைய ஆட்களையெல்லாம் அழைத்தார்கள். தங்கை கட்டாயம் வருவாள் என்று அந்த அம்மா தலைமயிரைத் திருத்தி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பாட்டிலும் பிரசங்கத்திலும் அவர் மனம் இல்லை. கதவையே திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

எல்லாம் முடிந்தபிறகு தங்கையின் மகள் வந்தாள். தன் அம்மா இறந்து ஒரு வருடமாகிறது என்றாள். பெரியம்மாவுக்கு மற்றவர் சொல்லியிருப்பார் என்று வீட்டில் ஒவ்வொருவரும் இருந்துவிட்டார்களாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த அம்மா அழவில்லை. கைப்பையை மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து அந்த இடத்தைத் தட்டினார். போய் இருந்தேன். அவர் பக்கத்துப் பலகை தேய்ந்து வெளிறியிருந்தது. என் பக்கத்தில் வார்னிஷ் புதிதுபோல் மினுங்கியது. எனக்குத்தான் தாங்கமுடியாமல் அழுகை வந்தது.

வீட்டில் இவரிடம் சொன்னேன்.

"அண்ணாவுக்கு ஒருக்கா எடுத்துப் பாருமன்" என்றார்.

"அவர் போனைத் தூக்கமாட்டார்."

"தூக்காட்டிப் பிறகும் எடும்."

எடுத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. இப்போதும் ஞாயிறுகளில் எடுக்கிறேன். அண்ணா இன்னும் தூக்கவில்லை. ஆனாலும், இடம் பிடித்து வைத்தால் மட்டும் போதாது, வா என்று கூப்பிடவும் வேண்டும் என்பதை அந்த மினுங்கிய பலகை என்னை மறக்கவிடுவதில்லை.