பச்சைக் கோடு

டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறார். திருப்தியில்லை. இன்னும் நாலு அடி காற்று அடிக்கிறார், மறுபடி அழுத்துகிறார். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணி. சைக்கிள் குழுவில் மற்றவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு காத்திருக்க, இவர் நிமிராமலே சொல்கிறார்: “காத்து கம்மியா இருந்தா மேடு நம்மளத் திட்டும்.”

பிழைப்புக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. லென்ஸை அளவாக வெட்டிச் சட்டத்தில் பொருத்துவது இவர் வேலை. அரை மில்லிமீட்டர் பிசகினால் இரவு சாப்பாடு இறங்காது என்கிறார் மனைவி. அதே கறாருடன் ஊரைச் சுற்றியுள்ள சைக்கிள் தடங்களை ஒரு வரைபடமாக வரைந்து, கடைச் சுவரில் மாட்டியிருக்கிறார். மொத்தம் பதினொரு தடங்கள். ஏரியைச் சுற்றும் தார்ச்சாலை இருபத்திரண்டு கிலோமீட்டர், ஒன்பது மணிக்கு மேல் எதிர்க்காற்று. கல்குவாரி மண்பாதையில் எட்டாவது கிலோமீட்டரில் தண்ணீர்க் குழாய். ஒரு வளைவில் நாய்ப் படம் போட்டு, “குரைக்கும், சோம்பேறி, துரத்தாது” என்று குறிப்பு. எளிய தடத்துக்குப் பச்சைக் கோடு, நடுத்தரத்துக்கு நீலம், கடினமானதற்குச் சிவப்பு. குழுவில் உள்ள அறுபது பேரும் அதைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

ஐம்பத்து மூன்று வயதில் மலையேற்றத்தில் இளவட்டங்களை மூச்சிரைக்க வைப்பதால் ‘மேட்டுச் சிங்கம்’ என்று பெயர். கேட்டால் கூச்சத்தோடு சிரிப்பார். “சிங்கத்துக்கு வீட்டுல பரண் மேல ஏறத் தெரியும், இறங்கத்தான் நான் போய் ஏணியைப் பிடிக்கணும்” என்றார் மனைவி, எனக்குக் காபி கொடுத்தபடி. நான் அதைக் கேலியென்றே குறித்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் முன்பு இந்தக் கட்டுரைக்காக அவரோடு மலைக்குப் போனேன். உச்சியில் எல்லாரும் இறங்கத் தயாரானபோது, “நீங்க போங்க, செயின்ல ஏதோ சத்தம், பாத்துட்டு வரேன்” என்றார். பாதி வழியில் என் தண்ணீர் பாட்டில் விழுந்து, அதைத் தேடித் திரும்பி ஏறினேன். மேட்டுச் சிங்கம் சைக்கிளைக் கையால் பிடித்துத் தள்ளிக்கொண்டு, ஓரமாக நடந்து வந்துகொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும் முகம் செத்துவிட்டது. “பயம்தாங்க, வேற ஒண்ணுமில்ல. இறக்கத்துல பிரேக்க விடவே கை வரமாட்டேங்குது. பதினேழு வருஷமா இப்படித்தான். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

சொல்லமாட்டேன் என்றேன். அன்று அது எனக்கு நல்ல வேடிக்கை. எழுதினால் வாசகர் ரசிப்பார்கள் என்றுகூட மனதுக்குள் நாக்கைச் சப்புக்கொட்டினேன். பதினொரு தடங்களில் மூன்று மலைத்தடங்கள் என்பதும், அவற்றின் நிறத்தை ஏறிப் பார்த்து மட்டுமே இவர் தீர்மானித்திருக்கிறார் என்பதும் எனக்கு உறைக்கவில்லை.

குழுவில் உள்ள ஒரு கணக்கு டீச்சருக்கு அது உடம்பில் உறைத்தது. மலையின் பின்புறத் தடத்துக்கு இவர் பச்சைக் கோடு போட்டிருந்தார். ஏறுகிறவர் மெதுவாகப் போவதால் அங்கே கிடக்கும் சரளைக்கல் ஒரு பொருட்டே அல்ல. டீச்சர் அதில் இறங்கினார். மூன்றாவது வளைவில் முன்சக்கரம் வழுக்கி, வலது காறை எலும்பு முறிந்தது.

குழுவில் ஒருவரும் வரைபடத்தைக் குறை சொல்லவில்லை. “பச்சைக் கோட்டுல போய் விழுந்தா என்ன சொல்றது?” என்று டீச்சரைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். இவர் ஒரு வாரம் வாய் திறக்கவில்லை. நானும்தான். உண்மை தெரிந்த இரண்டு பேரும் வாயில் கொழுக்கட்டையோடு இருந்தோம். அவருக்காவது பயம் என்றொரு காரணம் இருந்தது. எனக்குக் கட்டுரை கெட்டுவிடுமே என்ற கவலை. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை கடையில் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் வந்தார். வலது கை கழுத்திலிருந்து தொங்கிய துணித் தூளியில். விழுந்ததில் நசுங்கிய கண்ணாடிச் சட்டத்தை மேசைமேல் வைத்தார்.

“சார், மன்னிச்சுக்கோங்க. உங்க பேரையும் சேத்துக் கெடுத்துட்டேன். எனக்கு இது சரிப்பட்டு வராது போல. சைக்கிள வித்துடலாம்னு இருக்கேன், யாராவது கேட்டா சொல்லுங்க.”

இவர் சட்டத்தை எடுத்தார், கீழே வைத்தார். கடையில் வேறு மூன்று பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் குழுவின் செயலாளர். இவர் என் பக்கம் ஒரு முறை பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“விக்காதீங்க டீச்சர்,” என்றார். மெதுவாகத்தான். பிறகு செயலாளருக்கும் கேட்கிற மாதிரி மறுபடி சொன்னார். “விக்காதீங்க. நான் அந்தத் தடத்துல ஒரு தடவகூட இறங்குனதில்ல. எந்த மலையிலயும் இறங்குனதில்ல. தள்ளிக்கிட்டுத்தான் வருவேன். தெரியாம பச்சை போட்டது நான்.”

செயலாளர் கண் பரிசோதனை அட்டையை உற்றுப் படிக்க ஆரம்பித்தார்.

இவர் எழுந்து, சுவரிலிருந்து வரைபடத்தைக் கழற்றிக்கொண்டு வந்து மேசையில் விரித்தார். மேசை டிராயரைத் துழாவிச் சிவப்புப் பென்சிலை எடுத்து, டீச்சரின் இடது கையில் கொடுத்து, மலையின் பின்புறத்துப் பச்சைக் கோட்டைக் காட்டினார். பழக்கமில்லாத கையில் பென்சில் தடுமாறியது. தாள் நகராமலிருக்க இவர் இரு உள்ளங்கைகளாலும் அதன் ஓரங்களை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.