பாத்திரம் வேண்டாம் என்றொரு மனு

வேம்பார் சாலையில் உப்பளங்களுக்கு நடுவே இருக்கும் மறுவாழ்வு இல்லத்தில் மூன்றாம் முறையாகச் சேர்ந்தபோது, சேர்க்கைப் படிவத்தை நானே நிரப்பினேன். ஏழாம் கேள்வியும் பன்னிரண்டாம் கேள்வியும் ஒன்றுதான் என்று அலுவலகத்தில் சுட்டிக்காட்டினேன். முதல் முறை வந்தபோதும் அதைச் சொல்லியிருந்தேன். படிவமும் திருந்தவில்லை, நானும் திருந்தவில்லை.

துறைமுகத்தில் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இல்லத்தில் அந்தப் பதவிக்கு மதிப்பில்லை. காலைக் கஞ்சிக்குப் பிறகு லாரி டிரைவர், உப்பளத் தொழிலாளி, பள்ளி ஆசிரியர், நான் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்போம். ஆளுக்கு ஒரு மாத்திரை. விழுங்கியபின் நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். அந்த மாத்திரை உள்ளே இருக்கும்போது சாராயம் சேர்ந்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், குடல் வெளியே வருவதுபோல் வாந்தி வரும்.

ஒரு மாதம் முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியே போய்வர அனுமதி உண்டு. அதற்கு முந்தைய வாரம் என் மனைவி வந்தாள்.

"எல்லாருட்டயும் நீங்க பெங்களூர்ல மக வீட்ல இருக்கீங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்" என்றாள். "முதல் ஞாயித்துக்கிழமை வந்து திருவிருந்துல முழங்கால் போட்டுட்டு வந்துருங்க. பேச்சு அடங்கிரும். வேற ஒண்ணும் கேக்கல."

சாயர்புரம் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே எங்கள் சபைக் கோயிலில் மாத முதல் ஞாயிறு ஒருவர் திருவிருந்துக்கு எழுந்து போகவில்லையென்றால், ஏன் என்று ஆராய ஒரு வாரம் போதாது. போனால் அப்பமும் வாங்க வேண்டும், பாத்திரத்திலிருந்து ஒரு வாய் ரசமும் குடிக்க வேண்டும். ரசம் என்றால் கடையில் வாங்குவதல்ல. கோயில் பணியாளர் வீட்டில் திராட்சையும் சீனியும் போட்டுப் பீங்கான் பரணியில் நாற்பது நாள் ஊறவைப்பது. அது நன்றாகவே புளித்திருக்கும். சபைச் செயலாளராக நான் இருந்த காலத்தில் அந்தப் பரணி இருந்த அலமாரியின் சாவி என்னிடம்தான் இருந்தது.

அடுத்த கட்டிலில் ஒரு தண்டல் இருந்தார். மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கலும் ஏற்றிப்போகும் தோணியை நடத்துபவர், கத்தோலிக்கர். விஷயத்தைச் சொன்னேன்.

"ஒரு மடக்கு பட்டா என்ன ஆவும் அண்ணாச்சி?"

"அங்கேயே வாந்தி எடுக்கலாம்."

"எடுங்க. அண்ணாச்சிய விட்டுப் பேய் இறங்குதுன்னு நெனைப்பாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "எங்க கோயில்ல இந்த வம்பே இல்ல. எங்களுக்கு அப்பம் மட்டுந்தான், ரசத்தை சாமியாரே குடிச்சிருவாரு. நாங்க வெளிய போயித்தான குடிக்கோம்."

அன்று மாலையே எங்கள் சபைப் போதகரான ஐயருக்கு மனு எழுதினேன். பொருள், பார்வை, மருத்துவக் காரணம், தங்கியிருக்கும் இடம், "அப்பம் மட்டும் வழங்கிப் பாத்திரத்தைத் தவிர்த்தருள வேண்டுகிறேன்" என்ற கோரிக்கை. ஓட்டை இல்லாத கடிதம். மாத்திரையைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். நாக்கைப் பற்றி எழுதவில்லை. எனக்கு உண்மையில் பயம் வாந்தியைப் பற்றியல்ல, அந்த ருசியைப் பற்றித்தான்.

ஞாயிறு காலை கோயில் வாசலில் இப்போதைய செயலாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"உங்க நகல் கெடைச்சுது அண்ணாச்சி. நேத்து கமிட்டியில முறைப்படி வாசிச்சாச்சு."

அப்போதுதான் நினைவு வந்தது. கடிதத்தின் அடியில் 'நகல்: சபைச் செயலாளர்' என்று எழுதி, ஒரு பிரதியை அவருக்கும் தபாலில் சேர்த்திருந்தேன். முப்பத்தைந்து வருடம் நகல் குறிக்காமல் நான் ஒரு தாளையும் அனுப்பியதில்லை. வந்த கடிதங்களைக் கமிட்டியில் சத்தமாக வாசிக்கும் வழக்கத்தை ஏற்படுத்தியவனும் நானே.

மனைவி பக்கத்தில் நின்றிருந்தாள். பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

ஐயர் மனுவின்படியே நடந்தார். என் கையில் அப்பத்தை வைத்தார். பின்னால் பாத்திரத்தோடு வந்தவர் என்னை விட்டுவிட்டு அடுத்தவரிடம் போனார். வாசனை மட்டும் ஒரு நொடி முகத்தருகே நின்றது. எழுந்து திரும்பியபோது திருவிருந்துக்கு வந்த பெண்கள் வரிசையில் என் மனைவி இல்லை. தன் இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

வெளியே வந்ததும் மூத்த அம்மாள் ஒருத்தி அவளைப் பிடித்துக்கொண்டாள். "ஏளா, பெங்களூர்ல குளிரு எப்படி இருக்காம்?"

"பெங்களூர் இல்லக்கா" என்றாள் என் மனைவி. "வேம்பார் ரோட்டுல, குடிய நிறுத்துத எடத்துல இருக்காரு. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள கொண்டு விடணும்."

அந்த அம்மாள் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

தூத்துக்குடி வந்து வேம்பார் பஸ்ஸுக்காக நின்றோம். நகல் விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"விடுங்க" என்றாள். "முப்பது வருசமா நீங்க குடிச்சீங்க, நான் பொய் சொன்னேன். உங்களுக்காவது மாத்திரை இருக்கு."

பஸ் வந்தது. இல்லத்தில் என்னை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட வேண்டியவள் அவள்தான் என்பதால் அவளும் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நிறுத்தம் வரும்வரை வாய் லேசாகத் திறந்தபடி தூங்கினாள். அவள் பகலில் தூங்கி நான் அதற்குமுன் பார்த்ததில்லை.