ஏழாவது ஆணி

ஐந்தாவது ஆணி தொங்கிவிட்டது. அதன் நுனியில் ஆறாவதை ஒட்டவைத்துவிட்டு, சவரிராஜ் மூச்சை அடக்கிக்கொண்டு ஏழாவதை எடுக்கிறார். அதுவும் பிடித்துக்கொண்டால்தான் கெர்பாவ் ரோட்டு மசாலா மில்லில் பெல்ட் ஓடும். மிளகாயும் மல்லியும் சுமந்து வந்து வரிசையில் நிற்கும் பெண்கள் முணுமுணுப்பார்கள். "லேட்டாகுதுலா, சவரிண்ணே!" அவர் காதில் எதுவும் ஏறாது.

அவர் கையில் இருப்பது குதிரை லாடம் போல வளைந்த எஃகுக் காந்தம். ஏழு ஆணி ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கினால்தான் அதற்குச் சக்தி குறையவில்லை என்று அர்த்தம். அரைக்கும் கல்லுக்குள் மிளகாய் விழும் வாயில் அதைக் கட்டித் தொங்கவிடுவார். கப்பலில் வரும் மூட்டைகளில் கோணி ஊசியின் உடைந்த முனை, ஆணி என்று ஏதாவது கிடக்கும். காந்தம் பிடிக்கத் தவறினால் அது யார் வீட்டுக் குழம்பிலாவது போய்ச் சேரும்.

வயது நாற்பத்தைந்து இருக்கும். ஒல்லி. புருவம் வரை மிளகாய்த் தூள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு எவ்வளவு தேய்த்துக் குளித்துவிட்டுப் போனாலும் காதுமடலில் கொஞ்சம் சிவப்பு மிச்சமிருக்கும். பக்கத்துப் பெஞ்சுக்காரர்கள் பிரசங்கம் முழுக்கத் தும்முவார்கள்.

காந்தத்தைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொள்கிறார். வேலை முடிந்ததும் அதன் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஓர் இரும்புப் பட்டையை வைத்த பிறகுதான் பெட்டியில் போடுவார். "வாயைத் திறந்து போட்டா நாளாக நாளாகச் சக்தி குறைஞ்சிரும் சார்." மிளகாய் வறுக்கும் அடுப்புப் பக்கம் கொண்டுபோக மாட்டார். வேறு யாராவது தொட்டால் கத்துவார். "ஆணி எண்ணுறீங்களா, ஜெபமாலை உருட்டுறீங்களா?" என்று, அங்கே மிளகாய் அரைக்கப் போகும் நானும் ஒரு காலத்தில் கேலி செய்திருக்கிறேன். இப்போது செய்வதில்லை.

அறுபத்தொன்றாம் வருடத்து ஆயுத பூஜை. முதலாளி கோவிந்தசாமி இந்து, சவரிராஜ் கத்தோலிக்கர். ஆனாலும் மில் சாமான்களைத் துலக்கிப் பூஜைக்கு எடுத்து வைப்பது வருடா வருடம் சவரிராஜின் பொறுப்புதான். அந்த வருடம் காந்தமும் பளபளக்கட்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. பிசுக்குப் போகச் சோடா உப்புத் தண்ணீரில் அதைக் கொதிக்கவைத்தார். ஒட்டியிருந்த இரும்புத் துகள் உதிரட்டும் என்று சிமென்ட் தரையில் ஓங்கி நாலு தட்டுத் தட்டினார். முதலாளி மகிழ்ந்துபோய் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் போய்விடும் என்று முதலாளி அவசரப்படுத்தவே, ஆணி தொங்கவிட்டுப் பார்க்காமலே மில்லை ஓட்டினார் சவரிராஜ். என் கை ராசியான கை என்று முதல் அரைப்புக்கு என் மிளகாயைத்தான் போட்டார்கள். நானும் பெருமையோடு டின்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பதினோரு மணிக்குச் சவரிராஜ் எங்கள் வாசலில் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். கையில் ஒரு தடித்த காந்த வளையம். ரேடியோ ரிப்பேர்க் கடை காதர் மைதீனிடம் இரவல் வாங்கிய ஒலிபெருக்கிக் காந்தம் அது.

"தூளை எடுத்துச் சமைச்சிட்டாங்களா சார்?"

"என்ன ஆச்சு?"

"மூணு ஆணிதான் தாங்குது சார். நாலாவது நிக்கல. நான்தான் கொதிக்க வெச்சேன், நான்தான் தட்டினேன். சூடும் அடியும் பட்டா காந்தம் செத்துப்போகுமாம்லா, காதர் பாய் இப்பத்தான் சொல்றாரு."

என் மனைவி லீலா கரண்டியோடு வெளியே வந்தாள். அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு எங்கள் மகள் கமலா, மூன்று வயது. வாயோரத்தில் குழம்புச் சோறு.

டின்னைப் பேப்பரில் கொட்டி, சவரிராஜ் அந்த வளையத்தைத் தூளுக்குள் மெல்ல ஓட்டினார். இரண்டாம் முறை ஓட்டும்போது 'டிக்'கென்று ஒரு சத்தம். அரிசி நீளத்தில் ஊசிமுனை. குழம்பையும் சோற்றையும் துழாவினோம், வேறெதுவும் அகப்படவில்லை. ஆனால் ஒன்று இருந்த இடத்தில் இன்னொன்று இருந்திருக்கக் கூடாதா? விளையாட்டுச் சாமான் என்று நினைத்துக் கமலா கையை நீட்டிக்கொண்டு அவரிடம் போனாள்.

"கிட்ட வராதே தாயி!" என்று அலறினார். வயிற்றுக்குள் ஊசி இருந்தால் இது அதைக் குடலோடு இழுத்துவிடுமே என்ற பயம் அவருக்கு.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்றார்கள். அதற்குப் பிறகும் நாங்கள் மூன்று நாள் தூங்கவில்லை. குழந்தை இருமினால் லீலா அடுப்பை விட்டுவிட்டு ஓடுவாள்.

காதர் மைதீன் லாடக் காந்தத்தின் மேல் கம்பியைச் சுற்றி, அந்தக் கம்பியின் நுனிகளை லாரி பேட்டரியில் தொட்டுத் தொட்டு எடுத்தார். அதற்குச் சக்தி திரும்பிவிட்டது. ஏழு ஆணியும் தொங்கின, மில்லும் ஓடியது. சவரிராஜ் மட்டும் இன்றைக்கும் என்னைக் கேட்கிறார்: "படத்துல தெரியலைன்னா, இல்லைன்னு அர்த்தமா சார்?" ஊசி இல்லவே இல்லை என்றுதான் நான் அடித்துச் சொல்கிறேன். வீட்டுக்குப் போனதும் கமலாவின் வயிற்றைத் தடவிப் பார்க்கிறேன்.

கமலாவுக்கு இப்போது ஆறு வயது. சரியான வாயாடி. போன வாரம் தீபாவளி மிளகாயோடு அவளையும் மில்லுக்குக் கூட்டிப்போனேன். சவரிராஜ் ஆறாவது ஆணியை ஒட்டவைத்துக்கொண்டிருந்தார். "சவரி மாமா!" என்று கத்திக்கொண்டு அவள் ஓடினாள். ஆணிகள் தரையில் சிதறின. காந்தத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, முதுகு சுவரில் இடிக்கும்வரை அவர் பின்வாங்கிக்கொண்டே போனார்.