பழைய புரொசெசர் பொறுப்பு ஒப்படைத்த நாள்

எங்கள் வீட்டில் புதிதாக எது உள்ளே வந்தாலும் பழையது முதலில் வெளியே போக வேண்டும். இது என் விதி, நான் வேலை பார்த்த கச்சேரி என்ற மாவட்ட அரசாங்க அலுவலகத்திலிருந்து கொண்டுவந்தது. அங்கே பழைய கதிரையை உதவாது என்று கழித்து, களஞ்சியத்தில் ஒப்படைத்த பிறகுதான் புதுக் கதிரை கிடைக்கும். இந்த ஒழுங்கை மீறியவர்களின் அறைகளில் இரண்டு கதிரைகளும் இருக்கும், உட்காரத்தான் ஆள் இருக்காது. ஓய்வு பெற்று வவுனியாவில் நெளுக்குளத்துக்கு வந்த பின்பும் நான் விதியைத் தளர்த்தவில்லை. புது கிரைண்டர் பின்னேரம் வர இருந்த அன்று பழையதைக் காலையிலேயே அப்புறப்படுத்திவிட்டு, மத்தியானம் சம்பல் இல்லாமல் சாப்பிட்டோம்.

"இதென்ன வீடோ, கந்தோரோ?" என்று மனைவி அன்று கேட்டாள். கேள்வி நியாயமானது. பதில் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

அதே விதிதான் மகளுடைய கணினியிலும் பாய்ந்தது.

மகள் கட்டட வரைபடம் படித்தவள். கொழும்பில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு, அங்கே வாடகை அறையில் இருக்கப் பிடிக்காமல் திரும்பி வந்திருந்தாள். "எனக்கு இஞ்ச இருந்து வேலை செய்யத்தான் விருப்பம். ஒரு இடம் சரிவந்தால் காணும்" என்றாள். அவுஸ்திரேலியாவில் வீடு கட்டும் நிறுவனம் ஒன்று அவளுக்கு ஒரு சோதனை வேலை கொடுத்திருந்தது. இன்னும் கட்டப்படாத வீட்டுக்குள் ஒருவர் நடந்துபோவது போன்ற காணொளி செய்ய வேண்டும். திங்கள் காலைக்குள் அனுப்ப வேண்டும். அது பிடித்தால் வேலை, இல்லையென்றால் மறுபடியும் கொழும்பு அறை.

எங்கள் கணினி அந்தச் சுமையைத் தாங்கவில்லை. பாதி வழியில் திரை உறைந்து நின்றுவிடும். அவள் மறுபடியும் தொடங்குவாள், அது மறுபடியும் உறையும். அந்த மாதம்தான் புதிதாக ஒரு புரொசெசர் வெளிவந்திருந்தது. வேறு எதையும் மாற்றத் தேவையில்லை, இருக்கிற மதர்போட்டிலேயே பொருந்தும் என்று படித்துவிட்டு அதைக் கொழும்பிலிருந்து வருவித்தாள். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் பொதி வந்து சேர்ந்தது. பெட்டி பெரிது, உள்ளே இருந்தது ஒரு பிஸ்கட் அளவு. அரசாங்க அறிக்கைகளும் ஏறத்தாழ இப்படித்தான் வரும்.

மகள் பழைய புரொசெசரைக் கழற்றி மேசையில் வைத்தாள். அப்போது என் மைத்துனன், மனைவியின் தம்பி, வந்திருந்தான். மாங்குளத்தில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருப்பவன். கடைக்குக் கடதாசி வாங்க வவுனியாவுக்கு வரும்போதெல்லாம் அக்காவின் சமையலையும் ஒரு கை பார்த்துவிட்டுத்தான் போவான்.

"அத்தான், அதை என்ன செய்யப் போறியள்? என்ர கடைக் கொம்பியூட்டர் மெசினும் இதே இனந்தான். அது இதைவிடக் கிழடு."

"கொண்டு போ" என்றேன்.

"மாமா, கொஞ்சம் பொறுங்கோ. புதுசு வேலை செய்யுதோ எண்டு பாப்பம்" என்றாள் மகள்.

"புதுசு வந்தாச்சு, பிள்ளை. பழசு வீட்டில கிடக்கக் கூடாது" என்று நான் தீர்ப்பு எழுதிவிட்டேன். மைத்துனன் அதைச் சிறிய டப்பாவில் பஞ்சு வைத்துப் பொத்திக்கொண்டு மாங்குளம் பஸ் ஏறினான்.

பின்னேரம் மகள் புதியதைப் பொருத்தினாள். மனைவி கணினிப் பெட்டியின் நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்தாள். மகள் பொத்தானை அழுத்தினாள். விசிறி சுழன்றது. திரை கறுப்பாகவே இருந்தது. எத்தனை தடவை அழுத்தியும் அதே கறுப்பு. மகள் தொலைபேசியில் மதர்போட் நிறுவனத்தின் பக்கத்தைத் தேடி எடுத்து வாசித்தாள். பிறகு தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"அப்பா, இந்த மதர்போட்டுக்கு இப்பிடி ஒரு புது ஆள் வந்திருக்கிறார் எண்டே தெரியாது. அதுக்குள்ள இருக்கிற மென்பொருளை முதலில புதுப்பிக்க வேணும். பழைய புரொசெசர் பூட்டியிருக்கேக்கைதான் அதைச் செய்யலாம். நானும் கடைசி வரியை வாசிக்காமல் விட்டிட்டன்."

எனக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. கச்சேரியில் இதற்கும் ஒரு விதி உண்டு. இடமாற்றம் பெற்றவர் புதியவருக்கு முறைப்படி பொறுப்பை ஒப்படைக்காமல் கதிரையை விட்டு எழும்பக் கூடாது. அவசரப்பட்டுப் போய்விட்டால் திறப்புக் கொத்து எங்கே, எந்தக் கடதாசிக் கோவை எந்த அலுமாரியில் என்று தெரியாமல் புதியவர் வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பார். எத்தனையோ பேரை இதற்காக நான் மறித்து வைத்திருக்கிறேன். இந்தப் புரொசெசர் ஒருவரை மட்டும், தூக்கிப்போகிறவனுக்குச் சோறு போட்டு, பஞ்சில் சுற்றி, பஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.

மைத்துனனுக்கு அழைத்தேன். அவன் அதற்குள் அதைக் கடை மெசினில் பூட்டிவிட்டான்.

"தந்ததைத் திருப்பிக் கேக்கிறதுக்கு என்ன சுற்றறிக்கை, அத்தான்?"

"விசர்க்கதை விடாத. நாளைக்கு வாறம்."

"உங்கட மெசினையும் தூக்கிக்கொண்டு வாங்கோ. இதை நான் பஸ்ஸில குடுத்து விடமாட்டன். பின் ஒண்டு வளைஞ்சாலும் எல்லாம் முடிஞ்சுது. உங்கட பக்கம் கரண்டும் போய்ப் போய் வருது. புதுப்பிக்கேக்கை கரண்ட் போனால் மதர்போட்டே செத்திடும். இஞ்ச யூபிஎஸ் இருக்கு."

சனிக்கிழமை காலை மழைத் தூறலில் ஏ9 வீதியால் ஓடும் மாங்குளம் பஸ்ஸில் ஏறினோம். கணினி மகளின் மடியில், துவாய்த் துணியால் போர்த்தியபடி இருந்தது.  வரைபடங்கள் பற்றி நான் ஏதோ கேட்டேன். "பிறகு சொல்லுறன், அப்பா" என்றாள். அந்தப் "பிறகு", அவள் மறுபடியும் கொழும்பு அறைக்குப் போன பிறகாக இருந்துவிடுமோ என்று எனக்குத் தோன்றியது.

கடையில் சனம். விண்ணப்பம் நிரப்ப வந்தவர்கள், அடையாள அட்டை கொப்பி எடுக்க வந்தவர்கள். மைத்துனன் எல்லோரிடமும் கொஞ்ச நேரம் பொறுக்கச் சொல்லிவிட்டு, தன் மெசினை நிறுத்திப் பழைய புரொசெசரைக் கழற்றித் தந்தான். மகள் அதை எங்கள் மதர்போட்டில் பூட்டினாள். திரை ஒளிர்ந்தது. பென் டிரைவைச் செருகிப் புதுப்பித்தலைத் தொடங்கினாள். திரையில் ஒரு நீலக் கோடு மெதுவாக நீண்டது.

கோடு பாதியைத் தாண்டியிருக்கும். கரண்ட் போனது.

யூபிஎஸ் கீச்சிடத் தொடங்கியது. கணினியும் திரையும் அதில் ஓடிக்கொண்டிருந்தன. மைத்துனனின் முகத்தில் பகிடி இல்லை.

"அக்காட பிள்ளை, இது பழைய பற்றரி. கனநேரம் நிக்காது."

மகள் ஒரு கணம் கோட்டைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டித் திரையை அணைத்தாள்.

"என்ன செய்யிறாய்?" என்றேன்.

"திரை குடிக்கிற கரண்டையும் மதர்போட்டே குடிக்கட்டும். முடிஞ்சால் அது தானே நிண்டு திரும்பத் தொடங்கும். விசிறிச் சத்தத்தைக் கேளுங்கோ."

கடைக்குள் இருட்டு. கேட்பதற்கு ஒரு விசிறியும் யூபிஎஸ்ஸின் கீச்சலும் மட்டுமே இருந்தன. வாசலில் யாரோ "எவ்வளவு நேரம்?" என்று இழுத்தார். கொப்பி எடுக்க வந்திருந்த மலையகத்துக்காரர் ஒருவர், சேற்றுக் காலோடு வயலிலிருந்து நேரே வந்தவர், அவரை அடக்கினார்.

"சும்மா இருங்க. புள்ள வேல முடியட்டும். நம்ம கார்டு எங்க ஓடிறப் போவுது."

விசிறி நின்றது.

மகளின் விரல்கள் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தன. மைத்துனன் யூபிஎஸ்ஸைப் பார்த்தான். அது இன்னும் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. அப்படியானால் பற்றரி சாகவில்லை. நின்றது கணினிதான். முடித்து நின்றதா, முடியாமல் நின்றதா?

விசிறி மறுபடியும் சுழன்றது. மகள் திரையைப் போட்டாள். மதர்போட்டின் பெயரும் அதன் கீழே புதிய பதிப்பின் இலக்கமும் வெள்ளை எழுத்தில் நின்றன.

"ஒப்படைச்சாச்சு" என்றாள் என்னைப் பார்த்து. அன்று அவள் சிரித்துச் சொன்ன முதல் வார்த்தை அது.

கரண்ட் வரும்வரை தேத்தண்ணி குடித்தோம். பிறகு அங்கேயே புதியதைப் பூட்டிப் பார்த்தாள். அது தயங்காமல் எழும்பியது. பழையது மைத்துனனின் மெசினுக்குத் திரும்பிப் போனது. கொப்பிகள் ஓடத் தொடங்கின. முதல் கொப்பி மலையகத்துக்காரருக்கு. அவர் கணினியின் நெற்றியை எட்டிப் பார்த்து, "பொட்டு நல்லா வேல செய்யுதும்மா" என்றார். மகள் ஓம் என்று தலையாட்டினாள். அதை மனைவியிடம் சொல்லக் கூடாது என்று நான் அப்போதே தீர்மானித்தேன். மைத்துனன் அன்று மாலையே தொலைபேசியில் சொல்லிவிட்டான்.

புறப்படும்போது அவன் யூபிஎஸ்ஸையும் கழற்றி என் கையில் தந்தான். "வேலை முடியுமட்டும் வைச்சிருங்கோ. புதுசு வாங்கினால் இதைத் தூக்கி எறிஞ்சிடாதேங்கோ, அத்தான்."

அந்தக் காணொளியைக் கணினி ஒரே மூச்சில் செய்து முடித்தது. ஞாயிறு மாலை நாங்கள் மூவரும் கதிரை போட்டிருந்து பார்த்தோம். யாரும் கட்டாத வீட்டின் கதவு திறந்தது. குசினி ஜன்னலால் அடுப்பு மேடையில் வெயில் விழுந்தது. "குசினி பெரிசு" என்றாள் மனைவி, பொறாமையை மறைக்காமல். மகள் உடனே அனுப்பிவிட்டாள்.

புதன்கிழமை பதில் வந்தது. மகள் வாசித்துவிட்டு முகம் வாடினாள். படிக்கட்டின் கைப்பிடியை மாற்றச் சொல்லியிருந்தார்கள், சுவரின் நிறத்தைக் கேட்டிருந்தார்கள், குளியலறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்றும் கேட்டிருந்தார்கள்.

"பிடிக்கேல்லைப் போல, அப்பா."

இதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. வேண்டாத கோவையில் யாரும் கேள்வி எழுதுவதில்லை. ஒரு வரியில் வருத்தம் தெரிவித்துக் கட்டிவிடுவார்கள். கேள்வியோடு திரும்பி வருகிற கோவையை யாரோ மேசையில் விரித்து வைத்து, வாசித்து, அடுத்த நடவடிக்கையை யோசித்திருக்கிறார்கள்.

"கதவு எந்தப் பக்கம் எண்டு கேக்கிறவன் வீட்டுக்குள்ள வந்திட்டான், பிள்ளை. பதிலைப் போடு" என்றேன்.

 அவள் கணினியைப் போட்டு, குளியலறைக் கதவை மறுபக்கம் திருப்பத் தொடங்கினாள். நான் என் வாசிப்பு மேசையை முன்னறையிலிருந்து குசினிப் பக்கம் நகர்த்தினேன். முன்னறையில் வெளிச்சம் நல்லது. வேலை செய்கிறவளுக்கு அது வேண்டும். இம்முறை அவள் மேசை உள்ளே வந்து சேர்ந்த பிறகுதான் என்னுடையதை வெளியே எடுத்தேன்.